உஷார்! அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவுக்கு டிக்கெட் போடாதீர்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு. காந்தி ஜெயந்தியோடு ஒரு சனி, ஞாயிறைச் சேர்த்துக்கொண்டால் ஆபீஸிலும் பிரச்சினை இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வருகிறது: சீனாவின் செவ்விலைக் காடுகள், புத்தர் குகைகள், ஏழு இரவு, எட்டுப் பகல், விசா உட்பட. விலையும் பரவாயில்லை. முன்பணம் கட்டக் கை துறுதுறுக்கிறதா? முதலில் தேதியைப் பாருங்கள். அக்டோபர் 1-லிருந்து 7-க்குள் பயணம் விழுகிறது என்றால் அந்தப் போஸ்டரை அழித்துவிடுங்கள்.

1949-இல் மாவோ மக்கள் குடியரசை அறிவித்த நாள் அக்டோபர் 1. அதையொட்டி ஒரு வாரம் நாடு முழுக்க விடுமுறை. 'பொன் வாரம்' என்று அதற்குப் பெயர். பொன் யாருக்கு என்றால் ஹோட்டல்காரர்களுக்கு. 2024-இல் அந்த ஏழு நாளில் உள்நாட்டில் மட்டும் 76.5 கோடிப் பயணங்கள் நடந்ததாக அரசே கணக்குச் சொன்னது. 2025-இல் நிலாப் பண்டிகையும் சேர்ந்துகொள்ள விடுமுறை எட்டு நாளானது, பயணங்கள் 88.8 கோடி. பொங்கலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? அதை ஒரு தேசத்தின் அளவுக்கு விரித்துக்கொள்ளுங்கள். அதற்குள்தான் பாஷை தெரியாமல், பெட்டியும் குழந்தையுமாக நீங்கள் இறங்கப் போகிறீர்கள்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2013 அக்டோபர் 2-ஆம் தேதி, சிச்சுவான் மாநிலத்தின் ஜியுஜைகோ பள்ளத்தாக்கில் நடந்ததைச் சீனர்களே இன்னும் மறக்கவில்லை. நீல ஏரிகளும் மஞ்சள் சிவப்பு மரங்களுமாகக் காலண்டரில் வருமே, அந்த இடம்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்து வெறுத்துப்போன கூட்டம் சாலையில் இறங்கி மறித்ததில் உள்ளே ஓடும் பஸ்கள் நின்றுபோயின. ஆயிரக்கணக்கானோர் இருட்டிய பிறகும் மலைக்குள் மாட்டிக்கொண்டார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது ஒரு நாளைக்கு 41,000 பேருக்கு மேல் விடுவதில்லை. அதனால் உள்ளே மாட்டிக்கொள்கிற அபாயம் குறைந்தது. வாசலிலேயே நின்று திரும்புகிற அபாயம்தான் கூடியிருக்கிறது. சென்னையிலிருந்து செங்டு வரை போய், அங்கிருந்து மலையேறி, 'இன்றைய டிக்கெட் முடிந்தது' என்ற பலகையைப் பார்த்துவிட்டு வருவதற்கா அத்தனை செலவு?

இரண்டாவது ஏமாற்றம் இலையில் இருக்கிறது. 'அக்டோபரில் சீனா முழுக்கச் சிவந்திருக்கும்' என்று ஏஜென்ட் சொன்னால் அவருக்கு நிலப்படம் தெரியாது என்று அர்த்தம். சீனாவில் இலையுதிர்காலம் வடக்கிலிருந்து தெற்கே மெதுவாக இறங்கி வருகிறது. சின்ஜியாங்கின் கானாஸ் ஏரிப் பக்கம் செப்டம்பர் கடைசியிலேயே பொன்னிறம் வந்துவிடும். வடகிழக்கில் பென்ஷி ஊரின் மேப்பிள் மரங்கள் அக்டோபர் தொடக்கத்தில் சிவக்கும். பெய்ஜிங்குக்கு அக்டோபர் பிற்பகுதி ஆக வேண்டும். ஜியுஜைகோவும் ஏறக்குறைய அப்போதுதான். நான்ஜிங்கில் நவம்பர் பாதி தாண்டாமல் ஒன்றும் கிடையாது. அக்டோபர் 3-ஆம் தேதி உங்களை பெய்ஜிங் ஷியாங்ஷான் மலையில் ஏற்றிவிட்டால், நம் ஊர் வேப்பமரம் மாதிரி பச்சைப்பசேல் என்று நிற்கும் மரங்களுக்கு நடுவே மனிதத் தலைகளை எண்ணிக்கொண்டு வர வேண்டியதுதான். ஷியாங்ஷானில் சிவக்கிற மரம் பெரும்பாலும் மேப்பிளே இல்லை என்பது இன்னொரு சங்கதி. வட்ட இலை கொண்ட வேறொரு குட்டை மரம் அது. ஐந்து விரல் இலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் 'இதுவா?' என்று கேட்டுவிட்டு இறங்குவார்கள்.

இலை நேரம் பார்த்துப் போனாலும் காற்றுக்கும் உறைபனிக்கும் உத்தரவாதம் கிடையாது. ஒரு ராத்திரி பலமாக அடித்தால் மறுநாள் காலை எல்லாம் தரையில் கிடக்கும். ரீல்ஸை நம்பிப் போகவே போகாதீர்கள். போன வருடத்துப் படத்துக்கு இந்த வருடத் தேதி போடுவதும், சாயத்தைக் கூட்டிவைப்பதும் அங்கேயும் உண்டு. 2024 ஜூனில் ஹெனான் மாநிலத்து யுன்தாய் மலையில் ஒருவர் புகழ்பெற்ற அருவியின் உச்சிக்கே ஏறிப்போய்ப் படம் எடுத்தார். பாறையிலிருந்து ஒரு குழாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. வறண்ட காலத்தில் பார்க்க வருகிறவர்கள் ஏமாறக் கூடாதென்று 'சின்ன மெருகு' கொடுத்தோம் என்றார்கள் நிர்வாகத்தினர். சுண்ணாம்புக் குகைகளின் படங்களில் தெரியும் ஊதா, பச்சை, ரோஸ் நிறங்கள் எல்லாம் பல்பு வெளிச்சம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். குய்லினில் இருக்கும் நாணற்குழல் குகையின் பாறை அசலில் வெளிர் சாம்பல் நிறம்தான். எனக்கென்னவோ விளக்கை அணைத்தால் அது இன்னும் அழகாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

சரி, குகைகளுக்கு வருவோம். பணம் போவது இங்கேதான் அதிகம்.

கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில், கான்சு மாநிலத்தின் துன்ஹுவாங் ஊருக்கு வெளியே மோகாவ் குகைகள் இருக்கின்றன. மொத்தம் 735, ஓவியமும் சிலையும் உள்ளவை 492. உலகின் பழைய அச்சுப் புத்தகங்களில் ஒன்றான கி.பி. 868-ஆம் ஆண்டு வஜ்ர சூத்திரம் இங்கேயுள்ள 17-ஆம் எண் குகையிலிருந்துதான் லண்டனுக்குப் போனது. இப்பேர்ப்பட்ட இடத்துக்கு வாசலில் நின்று டிக்கெட் வாங்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முழு டிக்கெட் 238 யுவான். ஒரு நாளைக்கு 6,000 பேர் மட்டும். அதில் இரண்டு படக்காட்சியும் எட்டுக் குகையும் உண்டு. சுமார் ஒரு மாதம் முன்பே விற்பனை திறக்கும்; கோடையிலும் இலையுதிர் காலத்திலும் திறந்த வேகத்தில் தீர்ந்துபோகும். அது தீர்ந்தால் 100 யுவானுக்கு அவசர டிக்கெட் என்று ஒன்று விடுவார்கள். படம் கிடையாது, நாலே குகைதான். உங்கள் ஏஜென்ட் 'மோகாவ் தரிசனம் உண்டு' என்று பொதுவாக எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள். பாக்கேஜில் எட்டுக் குகைக்கான காசை வாங்கிக்கொண்டு நாலு குகையைக் காட்டி அனுப்புவதற்குத் தோதான இடம் அது.

டிக்கெட் கிடைத்தாலும் நினைத்த குகைக்குப் போக முடியாது. எந்தெந்தக் குகை என்று வழிகாட்டி முடிவு செய்கிறார். ஒவ்வொரு குகைக்கும் ஓர் உலோகக் கதவு. அவர் சாவி போட்டுத் திறப்பார். உள்ளே விளக்கு கிடையாது. அவர் கையிலுள்ள டார்ச் வெளிச்சம் ஒரு போதிசத்துவரின் முகத்தில் நிற்கும், அப்படியே கூரையிலிருக்கும் பறக்கும் தேவதைகளுக்குப் போகும், கண் பழகுவதற்குள் 'அடுத்தது' என்று வெளியே அழைத்து வந்துவிடுவார். கேமரா, செல்போன் எதிலும் படம் எடுக்கக் கூடாது. இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மனிதர்களின் மூச்சும் வியர்வையும்தான் அந்தச் சுவருக்கு எமன். குகைக்குள் ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தாண்டினால் சுவருக்குள் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்து, மறுபடி காயும்போது ஓவியத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். அதனால் மழை பெய்தால் குகைகளை மூடுவார்கள். மணற்புயல் வந்தாலும் மூடுவார்கள். துன்ஹுவாங்குக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கிய பயணத்திட்டம் எதுவாக இருந்தாலும் அது சூதாட்டம். மாற்று நாள் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் இன்னொரு வலை. எஜினா என்ற பாலைவனப் பகுதியில் ஒரு வகை பாப்லர் மரக்காடு அக்டோபரில் இரண்டு, மூன்று வாரம் தங்கமாக ஜொலிக்கும். துன்ஹுவாங்கையும் எஜினாவையும் சேர்த்து விற்கிறார்கள். அந்த எஜினா நிர்வாகப் பகுதிக்குள்தான் சீனாவின் ஜியுச்சுவான் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. சீனாவில் வெளிநாட்டவருக்குத் திறக்கப்படாத பகுதிகள் உண்டு. தனி அனுமதி இல்லாமல் நுழைந்தால் போலீஸ் விவகாரம். சீனக் குடும்பத்துக்குப் போட்ட பயணத்திட்டத்தை அப்படியே மொழிபெயர்த்து உங்களிடம் நீட்டுகிறார்களா என்று பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது.

நம்மவர்களுக்கென்றே ஓர் அயிட்டமும் சேர்க்கிறார்கள்: போதிதர்மர் குகை. '7ஆம் அறிவு' படம் வந்த 2011-க்குப் பிறகு அவர் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாரே. காலையில் லோங்மென் குகைகள், மதியம் ஷாவ்லின் கோயில், அப்படியே போதிதர்மர் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்த குகை என்று ஒரே நாளில் அடுக்குகிறார்கள். அந்தக் குகை கோயிலுக்குப் பின்னால் மலை மேல் இருக்கிறது. படிகள் ஏறி ஏறி முட்டி கழன்றுவிடும். போய்ப் பார்த்தால் சின்ன அறை அளவுக்கு ஒரு பொந்து. பக்தி இருந்தால் ஏறலாம். அதற்காக லோங்மெனில் அரைமணி நேரம் நின்றுவிட்டு ஓடினால் நஷ்டம் உங்களுக்கு.

அப்பா அம்மாவையும் கூட்டிப் போகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். ஜியுஜைகோவுக்கு விமானத்தில் போனால் இறங்குகிற இடமே 3,400 மீட்டருக்கு மேல். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637. ஏறக்குறைய சமவெளியான செங்டுவிலிருந்து ஒரு மணி நேரத்தில் அந்த உயரத்துக்குப் போகிறீர்கள். பக்கத்து ஹுவாங்லோங்கின் மேல்குளம் 3,500 மீட்டரைத் தாண்டும். தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் எல்லாம் வரும். சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. கடைகளில் விற்கிற ஆக்சிஜன் டப்பா சில நிமிட ஆறுதல்தான். நெஞ்சு அடைத்தால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். பென்ஷி நீர்க்குகைக்கு இந்தப் பயம் இல்லை. பூமிக்கடியில் ஓடும் ஆற்றில் படகில் கூட்டிப் போகிறார்கள். ஆனால் வருடம் முழுக்க உள்ளே சுமார் 12 டிகிரிதான். வேஷ்டி, மெல்லிய சுடிதார் எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது போன். சீனாவில் நம் யுபிஐ செல்லாது. நோட்டை நீட்டினால் சில்லறை தேடுவார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு விற்கிற பாட்டிகூடக் கழுத்தில் தொங்கும் க்யூஆர் அட்டையைத்தான் காட்டுவார். அலிபே, வீசாட் பே இரண்டிலும் நம் விசா, மாஸ்டர் கார்டை இணைக்கலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம் கட்டணம் உண்டு. ஆனால் கார்டை இணைக்க வங்கி ஓடிபி அனுப்பும். அது உங்கள் இந்திய நம்பருக்கு வரும். அந்த சிம்மைக் கழற்றிவிட்டு விமான நிலையத்தில் சீன சிம் போட்டிருந்தால்? பசியோடு நிற்க வேண்டியதுதான். வீட்டில் இருக்கும்போதே இணைத்து, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, சிம்முக்கு ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். சீன சிம்மில் வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஒன்றும் திறக்காது. ரோமிங்கில் திறக்கும்.

பவர் பேங்கை மறக்கவே கூடாது. 2025 ஜூன் 28 முதல், '3சி' என்ற சீனத் தரமுத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. சென்னையில் ஏறும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். செங்டுவிலோ பெய்ஜிங்கிலோ அடுத்த விமானத்துக்குப் போகும்போது குப்பைத்தொட்டியில் போடச் சொல்வார்கள்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குச் சீனாவுக்கு 30 நாள் விசா தேவையில்லை. அந்தச் சலுகையே அவர்களைக் கவிழ்க்கிறது. விசா வேலை இல்லையே என்று கடைசி வாரத்தில் கிளம்புகிறார்கள், ரயிலும் குகையும் நிரம்பியிருக்கும். ரயில் டிக்கெட் விற்பனை திறப்பதே 15 நாள் முன்புதான், அதுவும் விறுவிறுவென்று போய்விடும். அங்கே மருத்துவம் படிக்கிற பிள்ளையின் அறையில் தங்கிக்கொள்ளலாம் என்று போகிற பெற்றோர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்வார்கள்.

'பிறகு எப்போதுதான் போவது?' என்றால், என் ஓட்டு நவம்பர் கடைசிக்கு. நான்ஜிங் ஓரத்தில் சிஷியா மலை. ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் நான்ஜிங் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மலை முழுக்கச் செவ்விலை. அதன் மடியிலேயே ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் குடைய ஆரம்பித்த ஆயிரம் புத்தர் பாறை. 1920-களில் ஒரு துறவி புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று சிலைகளுக்கு சிமென்ட் பூசிவைத்தார் என்பது வேதனை. நம் கோயில்களில் மணல் வீச்சு நடத்தியவர்களை நினைத்துக்கொள்வீர்கள். பிள்ளைகளுக்கு அப்போது லீவு இருக்காது, நிஜம்தான். நவம்பரில் லீவு போட முடியாதவர்கள் அக்டோபர் 8-க்குப் பிறகு வரும் நாட்களைப் பாருங்கள். பொன் வாரத்தை ஈடுகட்ட அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சனி அல்லது ஞாயிறை அங்கே வேலை நாளாக அறிவிப்பார்கள். சீனர்கள் எல்லாம் ஆபீஸில் இருக்கிற அந்த வார இறுதி, நமக்கு லட்டு.

கடைசியாகப் பெயர். குகையோ ரயிலோ ஏரியோ, எல்லா டிக்கெட்டும் பாஸ்போர்ட் எண்ணோடும் பெயரோடும் கட்டப்பட்டது, பச்சைக்குழந்தைக்கும் அப்படித்தான். நம் இனிஷியல் அங்கே பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஏஜென்ட் 'எஸ். முருகன்' என்று பதிந்திருப்பார். இரண்டும் வேறு ஆள் என்றுதான் கணினி சொல்லும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ள எழுத்தும் வரிசையும் அப்படியே டிக்கெட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் சரிபாருங்கள். டிக்கெட் போட்ட பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காதீர்கள். எண் மாறிவிட்டால் பழைய டிக்கெட் வெறும் காகிதம். புதுப்பித்தே ஆக வேண்டும் என்றால் பழைய பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பே எல்லாப் பதிவையும் மாற்றச் சொல்லி ஏஜென்ட்டின் தலைமேல் உட்காருங்கள்.