ஸ்கொத்லாந்தில் நீட்டித்த தண்டனையும் மேன்முறையீடும்

ஸ்கொத்லாந்தில் பாலியற் குற்றம், கொடிய வன்முறை முதலியவற்றிற்கு விதிக்கப்படும் நீட்டித்த தண்டனை இருகூறுடையது. ஒன்று சிறைவாசம், மற்றையது, குற்றவாளி வெளியே வந்து நிபந்தனைகளுக்குட்பட்டு வாழவேண்டிய நீட்சிக்காலம். இது 10 ஆண்டுக்கு மேற்படலாகாது. 6 ஆண்டுச் சிறையும் 4 ஆண்டு நீட்சியுமாயின் தண்டனை 10 ஆண்டு எனப்படும். நிபந்தனை மீறியவன் மீளவும் சிறை புகநேரிடுமாதலின், நீட்சிக்காலத்தை விடுதலையென நாம் கருதுதற்கில்லை.

1995ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சேர்க்கப்பட்ட இவ்விதி, வரம்பும் இட்டுள்ளது. வழமையான நிபந்தனை விடுதலை பொதுமக்களைப் பெருந்தீங்கினின்றும் காக்கப் போதாதென நீதிபதி கருதினாலன்றி நீட்சி விதித்தலாகாது. முன்னர் உள்ளூராட்சி அலுவலரது அறிக்கையை ஆராய்தலும் வேண்டும். ஆதலின் மேன்முறையீட்டாளன், சிறைக்காலம் மிகையென்று வாதிடலாம். நீட்சி வேண்டியதன்று, அல்லது மிக நெடிது என்றும் வாதிடலாம். பின்னையதே நுட்பமானதென்போம். நிகழ்ந்த குற்றமன்று, இனி நிகழக்கூடிய தீங்கே ஆங்கு பெரிதும் அளக்கப்படுகின்றது. வாராததை அளப்பது எங்ஙனம்?

எடின்பரோவில் அமரும் மேல் நீதிமன்றத்தை அணுகுதற்கு நீதியரசர் ஒருவரின் அனுமதி வேண்டும். அவர் மறுப்பின் 14 நாளுள் மீண்டுங் கேட்கலாம். தண்டித்த நீதிபதியும் தம் அறிக்கையை அனுப்புவர். சட்டங் கற்கும் நம் மாணவர் ஒன்றைக் கருதுவாராக: மன்றம் தண்டனையை உறுதிசெய்யலாம், குறைக்கலாம், கூட்டவுஞ் செய்யலாம்! குறைப்பு நாடிச் சென்றவன் முன்னினும் நெடிய தண்டனையோடு மீளுதலும் கூடும்.