டால்பின் நோஸுக்கு முந்தின ராத்திரி

டால்பின் நோஸ் பாறை நுனியில் கையை விரித்து நிற்கும் படங்களை ஆயிரம் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு முந்தின ராத்திரியைப் பார்த்ததுண்டா? வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில், மலையேற்ற வழிகாட்டி அண்ணன் ஒருவரின் வீட்டு அடுப்படி இது. நிலை தாழ்வு, தலையைக் குனிங்க!

நாளைக்குப் பயணம் வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்துக்கு. வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸைத் தாண்டி, மலை முகட்டை ஒட்டியே சரியும் ஒற்றையடிப் பாதை. ஊர் வரை போய் அன்றே திரும்பணும். நடுத்தரமான நடைதான் என்கிறார்கள். அந்த 'நடுத்தர'த்துக்கு இந்த வீடு படும் பாடு இருக்கிறதே!

தரை முழுக்கச் சாமான். கயிறு, கட்டுத்துணி, உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள், கடலை மிட்டாய், மழைக்காலத்தில் அட்டைக்கு வைத்திருந்த மூக்குப்பொடி டப்பா, யாரோ எப்போதோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை. கதவுக்குப் பின்னால் ஊன்றுகோல்கள். அதில் ஒன்றை எடுத்து அண்ணனின் மருமகப் பையன் சிலம்பம் சுற்ற, "டேய், பல்பு!" என்று அடுப்புப் பக்கமிருந்து வீட்டுக்கார அக்காவின் குரல். அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதிக்கிறது. தயிர்சோறு வேண்டாமா என்றேன். "வெயிலேறினா புளிச்சுப் போகும்ங்க. புளிச்சோறுன்னா சாயங்காலம் வரைக்கும் கம்முனு இருக்கும்" என்று கரண்டியிலேயே கொஞ்சம் நீட்டினார். ஆகா! இந்த ஒரு வாயிலேயே நான் வந்த காரியம் முடிந்தது.

அண்ணன் அதற்குள் சாக்பீஸ் எடுத்துத் தரையில் மலையைப் போட்டுவிட்டார். சாய்வாக ஒரு கோடு, அடியில் ஒரு வட்டம்: வெள்ளகெவி. வழக்கமாக மலை என்றால் காலையில் தெம்பாக ஏறி, களைத்தபின் இறங்குவோம். இங்கே தலைகீழ். காலையில் சிரித்துக்கொண்டே இறங்கி, முட்டி ஓய்ந்த நேரத்தில் ஏறணும். அவர் திட்டம் முழுக்க அந்த ஏற்றத்தைச் சுற்றித்தான். மத்தியானம் கழிந்தால் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து பாதையை மூடும். "பன்னெண்டு மணிக்கு எங்க நிக்கிறமோ அங்கயே திரும்பிரணும். ஊர் எட்டலைன்னாலும் சரிதேன்." படம் பிடிக்க நேரம் எவ்வளவு என்றேன். வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். அவ்வளவுதான்!

நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அந்தத் துரை புளிச்சோத்து மூட்டை தூக்கினாராங்க?" என்றார். அடுப்படியில் கரண்டி கீழே விழுகிற அளவுக்குச் சிரிப்பு.

ஃபோன் சிணுங்குகிறது. நாளைக்கு வருகிறவர்களிடம் ஷூவின் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். ஒருவர் ஷூவோடு தன் முகத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார், அடிப்பாகம் மட்டும் இல்லை. இன்னொருவருடையது இட்லித்தட்டு மாதிரி வழவழ. "இது கல்யாணத்துக்கு. வேற போடச் சொல்லுடா." பையன் எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடுகிறான்: இ-பாஸ் எடுத்தாச்சா (2024 மே முதல் வெளியூர் வண்டி அது இல்லாமல் கொடைக்கானலுக்குள் வரக்கூடாது), பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, கால்நகம் வெட்டிக்கொண்டு வரவும். கடைசி வரிக்குப் பதிலாக வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரிக்கட்டும். இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும்போது தெரியும்.

சாக்ஸும் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டுமாம். ஏன்? வெள்ளகெவி ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். சாலை இல்லாத ஊர். காப்பிக்கொட்டை மேலே வருவதும் அரிசி கீழே போவதும் குதிரை முதுகில்தான். "குதிரை மணி கேட்டா மலைப்பக்கம் ஒதுங்கணும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினா படத்துல மாலை போடணும்" என்கிறான் பையன். முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

விடியக்காலை. பனியில் வாயைத் திறந்தால் புகை. ராத்திரி கட்டின மூட்டைகளை அக்கா மறுபடி பிரித்து, ஆரஞ்சுகளை மேலே மாற்றிக் கட்டுகிறார், அடியில் நசுங்குமாம். அண்ணன் ஒருமுறை தானே பாதையின் தொடக்கம் வரை போய், ராத்திரி காட்டுமாடு மேய்ந்த தடம் பார்த்துவிட்டு வந்தார். ஊருக்கெல்லாம் ஷூ பரிசோதித்த மனிதர் காலில் என்ன தெரியுமா? தேய்ந்த ரப்பர் செருப்பு! கேட்டால், "எனக்கு இந்தக் கல்லெல்லாம் பழக்கம். உங்களைத்தேன் அதுகளுக்குத் தெரியாது."

ஏழு மணிக்கு வேன் வந்து நின்றது. புத்தம்புதுத் தொப்பி, புத்தம்புதுக் கைத்தடி. முதலில் இறங்கிய இளைஞர் கொட்டாவி விட்டபடி, "அண்ணே, இறங்கி ஏறுறதுதானே? இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் மெசேஜா?" என்றார்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. புளிச்சோற்று மூட்டையைத் தூக்கி அவர் தோளில் மாட்டிவிட்டார்.