செஞ்சிப் பக்கம் நெஞ்சுவலி வந்தால்: ஸ்டென்ட்டுக்கு முன்னால் ஒரு ஊசி

அனந்தபுரத்தில் ராத்திரி ஒரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சை அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். "கேஸா இருக்கும், சோடா குடிச்சா சரியாயிடும், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்வார்கள். விடிவதற்குள் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துப்போயிருக்கலாம்.

அடைப்பை எப்படி எடுக்கிறார்கள்?

ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது. அந்தப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுதான் மாரடைப்பு. மார்பைத் திறக்காமலே இதைச் சரிசெய்யலாம். மணிக்கட்டிலோ தொடையிலோ சிறு துளை போட்டு, மெல்லிய கம்பியை இதயம் வரை நுழைக்கிறார்கள். அதன்மேல் பலூனைச் செலுத்தி விரிக்கிறார்கள். குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற உலோக வலையை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்தபடியேதான் இருப்பார்.

இது முதலில் தொடங்கியது காலில்தான். 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டிக்கு டாக்டர் சார்லஸ் டாட்டர் அடைப்பை நீக்கினார். இதயத்துக்கு 1977-ல்தான் வந்தது. சூரிச்சில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் செய்தார்.

தூரம்தான் சிக்கல்

மாரடைப்பில் இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் போட முடிந்தால் அதுவே சிறந்தது. ஆனால் அதற்கு கேத் லேப் வேண்டும், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். கிராமத்தில் வண்டி பிடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

அதற்கான வழியைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். அருகிலேயே ஈசிஜி எடுத்து, உறைவைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது திட்டம். ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. ஊசியின் பலன் முதல் மூன்று மணி நேரத்தில்தான் அதிகம். 12 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பயனில்லை.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே யோசனைதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். எனவே செஞ்சியைத் தாண்டி நேராகப் புதுச்சேரிக்கோ விழுப்புரத்துக்கோ சொந்த காரில் பறப்பதைவிட, 108-ஐ அழைப்பதும் பக்கத்தில் ஈசிஜி எடுப்பதும் புத்திசாலித்தனம்.

செலவும் மாத்திரையும்

2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாய் ஆனது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டியும் விற்றார்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு.

ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வகை மாத்திரைகளை வழக்கமாக ஓராண்டு வரை விழுங்க வேண்டும். "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையக்கூடும். பல் பிடுங்கப் போனாலும் சரி, இதய மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.