நான்கு மணி நேரக் கெடு

மாலைக்குள் லாரி காலியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் மூட்டைகள் இறங்கிவிடும். எடை பார்த்தார்களா, நனைந்த மூட்டையைத் தனியே ஒதுக்கினார்களா என்பது வேறு விஷயம். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நிமோனியா நோயை முன்னிட்டு இப்படி ஒரு நிலை ஏற்பட்டது. நம் வணிக நண்பர்கள் அறிய வேண்டிய செய்தி என்பதால் எழுதுகிறோம்.

நிமோனியா என்பது நுரையீரலின் காற்றறைகளில் கிருமி தங்கி, சீழும் நீரும் கோத்துக்கொள்வது. கிருமி பாக்டீரியாவானால் ஆன்டிபயாடிக் மருந்து உயிரைக் காக்கும். வைரஸானால் அந்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் பழைய பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மருத்துவமனைக்கு வந்த 8 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவு என்று 1997-இல் எழுதினார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வு 4 மணி நேரம் என்றது. அந்த 4 மணி நேரமே மருத்துவமனைகளின் தரத்தை அளக்கும் கோலாகி, எந்த மருத்துவமனை எவ்வளவு தேறியது என்பது பொதுமக்கள் பார்வைக்கும் வந்தது. பட்டியலில் பெயர் கெடுவதை யார்தான் விரும்புவார்கள்?

சிக்கல் எங்கே என்றால், நோயாளி வாசலில் நுழைந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். நோய் இன்னதென்று தெரிந்த நேரம் கணக்கில் இல்லை. முதியவர் சிலருக்கு நிமோனியாவில் காய்ச்சலே இருக்காது. பேச்சுத் தடுமாற்றம் மட்டும் இருக்கும். இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்தாலும் மூச்சு வாங்கும், எக்ஸ்ரேயில் நிழல் விழும். பிரித்தறிய நேரம் தேவை. கெடு நெருங்கும்போது, 'எதற்கும் ஒரு டோஸ் போட்டுவிடுவோம்' என்ற எண்ணம் வருவது இயல்பே. மருத்துவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். கோலை வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு மருத்துவமனையில் 2003-ஆம், 2005-ஆம் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிமோனியா என்று சேர்க்கப்பட்டவர்களில் முடிவில் அது நிமோனியாதான் என்று உறுதியானது முன்பு நூற்றுக்கு 76 பேருக்கு. பின்பு 59 பேருக்கே. மற்றவர்களுக்குத் தேவையின்றி மருந்து ஏறியது. குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து கடும் வயிற்றுப்போக்கு உண்டாவதும், கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவதும் இப்படித்தான்.

அந்நாட்டு நிபுணர் சங்கங்கள் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மணிக்கணக்கைக் குறிப்பிடவில்லை. நோயாளி அவசரப் பிரிவில் இருக்கும்போதே முதல் டோஸ் தரப்படட்டும் என்றன. தர அளவுகோலும் முதலில் 6 மணி நேரமாகத் தளர்ந்து, பின்னர் நீக்கப்பட்டது. இதனால் தாமதம் நல்லது என்று கொள்ள வேண்டாம். கிருமி ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து சேர வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்போது மூன்று விவரங்களைக் கையோடு சொல்லுங்கள்: இதய நோய் உண்டா, பென்சிலின் ஒவ்வாமை உண்டா, ஏற்கெனவே கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை எது. முடிந்தால் மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.