சேற்றுக்கு அடியில் ஒரு வயல்வெளி

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் 2,500 கிலோமீட்டர் நீளும் ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்ற சுற்றுலாச் சாலை 2014-இல் தொடங்கப்பட்டது. அதில் கார் ஓட்டிப் போகிறவர்கள் மேயோ மாவட்டத்தின் வட ஓரத்தில் உள்ள பாலிகேஸிலைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார்கள். (வட அயர்லாந்தில் இதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது, வரைபடத்தில் தேடுபவர்கள் ஏமாந்துவிட வேண்டாம்.) சரிவில் இறங்கும் ஒரு கடைத்தெரு, அதைத் தாண்டினால் செம்மறி ஆடுகள் மேயும் பழுப்பு நிறச் சதுப்பு, அதற்கப்பால் கடல். பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆனாலும் புகழ்பெற்ற மோஹர் கடற்பாறைகளின் விளிம்பில் கூட்டத்தோடு நின்று படம் எடுப்பதைவிட, இந்த ஊரில் இரண்டு நாள் தங்குவது மேல் என்பேன். இங்கே பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அப்படி இருந்தும் மனிதர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை நாமே தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். அந்த வாய்ப்பு மற்ற இடங்களில் எளிதாகக் கிடைப்பதில்லை.

ஊருக்கு வடமேற்கே எட்டுக் கிலோமீட்டரில் கேஜ வயல்கள் என்ற தொல்லியல் தளம் இருக்கிறது. மேயோ மக்கள் அடுப்பெரிக்கச் சதுப்பிலிருந்து பீட் வெட்டுவது வழக்கம். மழை ஓயாத நிலத்தில் பாசியும் புல்லும் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் கரிய மண் அது; காயவைத்தால் விறகுபோல் எரியும். 1930-களில் பக்கத்து ஊரான பெல்டெரிக்கில் பள்ளி ஆசிரியராக இருந்த பாட்ரிக் கால்ஃபீல்ட், பீட் வெட்டும் இடங்களில் அடியில் கற்குவியல்கள் தட்டுப்படுவதைக் கவனித்தார். கற்கள் தாமாக விழுந்தவையாகத் தெரியவில்லை. யாரோ வரிசையாக அடுக்கியவை. அதைவிட முக்கியம், அவை பீட்டுக்கு அடியில் கிடந்தன. அப்படியானால் சதுப்பு வளர்வதற்கு முன்பே அங்கே சுவர் எழுப்பியவர்கள் இருந்திருக்க வேண்டும். அவருடைய மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்துவிட்டு 1970-களில் இந்த ஊகத்தைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் கையில் எடுத்தது மண்வெட்டியை அல்ல, நீளமான இரும்புக் கம்பியை. மென்மையான பீட்டுக்குள் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய நிலமட்டத்தைத் தொட்டதும் நிற்கும். அதற்கு முன்பே ‘ணங்’ என்று முட்டினால் அடியில் சுவர். முட்டிய இடத்தில் ஒரு மூங்கில் கழி, அடுத்த இடத்தில் இன்னொன்று என்று நட்டுக்கொண்டே போனதில், கடலோரத்திலிருந்து உள்நாட்டை நோக்கி ஓடும் இணைச் சுவர்கள் வரைபடத்தில் எழுந்தன. சில சுவர்கள் இரண்டு கிலோமீட்டர் நீளம். குறுக்குச் சுவர்கள் அவற்றை வயல்களாகப் பிரிக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தோண்டாமலேயே கண்டறிந்துவிட்டார்கள்.

இத்தனையும் மண்ணுக்குள்தானே, நேரில் போய் எதைப் பார்ப்பது, ஒரு புத்தகம் போதாதா என்று கேட்கலாம். 1993-இல் திறந்த பிரமிடு வடிவப் பார்வையாளர் மையத்துக்கு வெளியே வழிகாட்டிகள் அந்தக் கம்பியை இறக்கிக் காட்டுகிறார்கள். பீட்டின் ஆழம் எவ்வளவு, சுவர் எந்தச் சரிவில் ஏறுகிறது, கடற்காற்று எவ்வளவு கடுமையாக அடிக்கிறது என்பதெல்லாம் அங்கே நேரில் நின்றால்தான் பிடிபடும். இதைவிடக் கனமான ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. இவை சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதிய கற்கால வயல்கள், எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தவை என்பது வழக்கமான கூற்று. பீட்டுக்குள் கிடைத்த பைன் மர வேர்க்கட்டைகளின் கார்பன் காலக்கணிப்பு அதற்கு முக்கிய ஆதாரம். வேர்க்கட்டையின் வயது சுவரின் வயதாகிவிடாது, சுவர்கள் வெண்கலக் காலத்தவையாகவும் இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் மறுத்திருக்கிறார்கள். மறுப்பைத் தள்ளிவிட முடியாது. அதனால் பயணத்தின் மதிப்பும் குறைந்துவிடாது. சதுப்புக்கு முன்னால் இங்கே திட்டமிட்டுப் பிரித்த வயல்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. எப்போது என்பதில்தான் சண்டை. பிரமிடுக்கு மூத்தது என்ற விளம்பர வாசகத்தை நம்பி மட்டும் வந்தவருக்கே அது ஏமாற்றம்.

ஊருக்கு வடக்கே உள்ள டவுன்பாட்ரிக் முனையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கரையிலிருந்து பிரிந்து கடலில் தனியே நிற்கும் டூன் பிரிஷ்டா என்ற பாறைத்தூண், அடுக்கு அடுக்கான நிறங்களோடு சுமார் 45 மீட்டர் உயரம். எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான். 1980-ஐ ஒட்டி ஹெலிகாப்டரில் உச்சியில் இறங்கிய ஆய்வுக் குழு, கட்டடங்களின் எச்சங்களைக் கண்டது. அது நிலத்தோடு ஒட்டியிருந்த காலத்தில் அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். முனையின் தரையில் வெள்ளைக் கற்களால் ‘64 ஏரே’ என்று பெரிய எழுத்தில் பதித்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை நாடு. கீழே இருப்பது அயர்லாந்து என்று விமானிகளுக்கு அறிவிக்கக் கடலோரக் காவல் நிலையங்கள்தோறும் இப்படி எழுதினார்கள். 64 என்பது இந்த நிலையத்தின் எண். விளிம்புக்குப் போகாமல் இருப்பது நல்லது. காற்று அங்கே யாருக்கும் தயவு காட்டாது.

இப்படி எழுதி எழுதியே அமைதியான ஊரைக் கெடுத்துவிடுகிறீர்கள் என்று ஒரு குற்றச்சாட்டு வரலாம். அந்த அமைதி எப்படி வந்தது என்பதை யோசிக்க வேண்டும். 1841-இல் மேயோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.89 லட்சம், 2022 கணக்கெடுப்பில் சுமார் 1.38 லட்சம். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சமும் அதன்பின் தலைமுறை தலைமுறையாக நீடித்த குடிபெயர்வும் காலிசெய்த நிலம் இது. வெறுமையை இயற்கை அழகு என்று ரசிப்பவர் பாதிதான் பார்க்கிறார். இப்படிப்பட்ட ஊருக்கு நாலு பேர் கூடுதலாக வந்து தங்குவது சுமை ஆகாது. பேருந்தில் வந்து அரைமணி நேரத்தில் திரும்புகிறவர்களால்தான் ஊருக்குப் பயனில்லை. இங்குள்ள பாலிங்லென் கலை அறக்கட்டளை ஓவியர்களை அழைத்துத் தங்கவைக்கிறது. வந்தவர்கள் விட்டுச் சென்ற படைப்புகள் சேர்ந்து இப்போது ஊருக்கென்று ஒரு கலைக்கூடமே இருக்கிறது.

போய்ச் சேர்வது சுலபமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரயில் பல்லினாவோடு நின்றுவிடும். அதற்குமேல் கார் இருந்தால்தான் நிம்மதி. மழையை எதிர்பார்த்தே மழைக்கோட்டும் நல்ல செருப்புக்குப் பதில் நல்ல பூட்ஸும் எடுத்துப் போக வேண்டும். குளிர்மாதங்களில் கேஜ மையம் மூடியிருக்கும் என்பதால், திறந்திருக்கும் தேதிகளை முன்கூட்டியே பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது புத்திசாலித்தனம்.