படிக்கப் போன பிள்ளைகள் – 7: சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

மலேசியாவில் ரிங்லெட்டிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கோ சிந்தோக்குக்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகும் பிள்ளையை, நெற்றியில் திருநீறு பூசியோ பையில் வேதாகமம் வைத்தோதான் அனுப்புகிறோம். அந்த நம்பிக்கை அங்கே அடிபட்டால் யார் தாங்கிப் பிடிப்பார்கள் என்று கேட்பதில்லை. அப்பாவின் சாவோ தீராத நோயோ வந்து, விடுமுறைக்குத் திரும்பும் பிள்ளை, "இனிமே ஜெபத்துக்கு வரலம்மா" என்கிறது. நாம் அதட்டுகிறோம், இல்லையென்றால் அழுகிறோம்.

வேறு எப்படித் தாங்கிப் பிடிக்கலாம் என்று பார்க்க, இந்த வாரம் தமிழ்நாட்டின் வேலூருக்குப் போவோம். 1918இல் டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று அங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஜெபமும் பாடமும் பிரியாத வளாகம் அது. கொச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ் அங்கே படித்து, அங்கேயே மருத்துவரானார்.

1954 ஜனவரியில், சக மருத்துவர்களோடு உல்லாசமாகக் கிளம்பிய வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெரிய காயம். முதுகுத் தண்டு அடிபட்டு, கால்கள் செயலற்றுப் போயின. அவருக்கு வயது 28. அசைய முடியாமல் கட்டிலில் கிடந்தார். கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்வி அந்த வயதில் எழாமல் இருக்குமா? அந்தக் கேள்வியை நாத்திகம் என்று பெயரிட்டு ஒதுக்குகிறவர்கள், அடிபட்ட ஒருவரின் அருகே உட்கார்ந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

வளாகத்து நண்பர்கள் அவருக்காக ஜெபித்தார்கள். அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், மேரியின் கைகளைப் பார்த்தார். கையில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். அந்த வேலைக்கு அவரை அழைத்தார். நிமிர்ந்து உட்காருவதற்கே முதுகில் மறுபடி அறுவை தேவைப்பட்டது. மேரி அந்த வலியையும் ஏற்றார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார். தங்களைவிட அதிகம் முடங்கிய ஒருவர் தங்களுக்கு வைத்தியம் பார்ப்பதைக் கண்ட நோயாளிகளுக்கு எவ்வளவு தைரியம் வந்திருக்கும்!

நம் பிள்ளைகள் சேரும் கிறிஸ்தவ ஐக்கியங்களும் இந்து சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும். துக்கத்தில் வந்தவரை முன்வரிசையில் உட்காரவைத்து, சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். நம்புகிறாயா என்று வாசலிலேயே சோதிக்காதீர்கள். பாட்டுப் புத்தகம் அடுக்கவோ, முதலாண்டு மாணவருக்குக் கணக்குச் சொல்லித் தரவோ கூப்பிடுங்கள். பரிதாபப்படுவது எளிது. 'நீ இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது' என்று உணரவைக்கத்தான் உண்மையான அன்பு வேண்டும். மனம் உடைந்து தூக்கமில்லாமல் தவிப்பவரை மருத்துவரிடம் கூட்டிப் போவதும் இந்த அன்பில் சேர்ந்ததே. மேரியை ஜெபத்தோடு அறுவை மேசைக்கும் கொண்டுபோனவர்கள்தான் வேலூர்க்காரர்கள்.

பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், சக்கர நாற்காலியோடு பிறர் துணையின்றி வாழப் பழகினார். நியூயார்க்கில் டாக்டர் ஹவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூருக்குத் திரும்பி அந்தத் துறையின் தலைமையை ஏற்றார். 1972இல் பத்மஸ்ரீ வந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 1966. மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்து முதுகு ஒடிந்தவர்கள் தங்கி, மறுபடி உட்காரவும் நகரவும் தொழில் செய்யவும் பழகுவதற்கான நிலையம் அந்த ஆண்டில்தான் வேலூரில் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர், அவர்களைப் போலவே சக்கர நாற்காலியில் வந்துபோன மேரி.

(தொடரும்)