மறையூர்ச் சாலையில்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். மறையூரை நெருங்கியதும் சாலையோரக் காட்டுக்கே கம்பிவேலி போட்டிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே நிற்பவை சந்தன மரங்கள். திருட்டைத் தடுக்க வனத்துறையினர் இரவு பகலாகக் காவல் காக்கிறார்கள். சற்றுத் தள்ளி, கரும்புத் தோட்டங்களின் நடுவே ஆலைக் கொட்டகைகள். காய்ச்சி இறக்கிய பாகை, சூடு ஆறுமுன் வெறும் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். எவ்வளவு பழகிய கை அது! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இதுதான். பாறை மேடுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் உண்டு. ஊரார் முனியறை என்பார்கள். இதே தமிழ்நாடு–கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு விந்தை: பரம்பிக்குளம் கேரளத்தில்தான் இருக்கிறது, ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே போகும் பேருந்து, பொள்ளாச்சி, சேத்துமடை எனத் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போகிறது.